ஒரே கை ஓட்டின வண்டி

கொணவட்டத்தில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே
தார்ப்பாய் போர்த்தி நின்றது.
முனவ்வர் பாய் ஒரே இழுப்பில் உருவினார்.
இரண்டே கதவு. மாங்காய் பழுக்கிற அன்றைய மஞ்சள்.
தரைக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை.
வேலூர் வேகத்தடைகளை நினைத்து
முதலில் என் இடுப்புதான் வலித்தது.

"ஒரே கை ஓட்டின வண்டிம்மா. டாக்டரு.
துபாய் போறாரு, அதான்."
மீட்டரில் ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம்.
கேட்கிற விலை நாலே கால்.

டில்லிபாபு கூட வந்திருந்தான்.
சத்துவாச்சாரியில் பதினோரு வருடமாக
என் ஸ்கூட்டரைச் சாகவிடாமல் வைத்திருப்பவன்.
ஆயில் குச்சியை உருவி முகர்ந்தான்.
மல்லாந்து படுத்து, அடியில் போய்,
வெகுநேரம் வெளியே வரவில்லை.
வந்தவன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்:
"கிளட்சு போற எடத்துல கீதுக்கா.
டர்போ விசிலடிக்குது.
பார்ட்ஸுக்கு பெங்களூருக்கும் மெட்ராஸுக்கும் அலையணும்.
ஆவாது. வா, போலாம்."

நான் சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

ராணிப்பேட்டையில் பத்தொன்பது வருடம்
மேஜைமேல் வந்து விழும் தோலைத் தடவித் தரம் பிரிக்கிறவள்.
உண்ணி கடித்த வடு, முள்வேலிக் கீறல்,
கழுத்துச் சுருக்கம்,
தார்க்குச்சி பட்ட இடம்,
எல்லாம் விரல் சொல்லும்.
மீட்டரைத் திருப்பிவிடலாம், தோலைத் திருப்ப முடியாது.
(முடியும். அதற்கு வேறு விலை.)

ஓட்டுகிறவர் சீட்டில்
வலது விளிம்பு தேய்ந்து வெளுத்திருந்தது,
இறங்கி இறங்கி ஏறிய தொடையின் தேய்ப்பு.
முதுகு பட்ட இடத்தில் வியர்வை கறுத்து ஊறியிருந்தது.
மீட்டர் பொய் சொல்லவில்லை. குறைத்துக்கூடச் சொல்லவில்லை.

பக்கத்து சீட்டைத் தொட்டேன்.
ஒரு மடிப்பு இல்லை.
தொழிற்சாலையில் அடித்த பாலிஷ் அப்படியே.
பையில் மஞ்சள் சாக்பீஸ் இருந்தது, எப்போதும் இருக்கும்.
இந்தத் துண்டு என் மேஜைக்கு வந்திருந்தால்
யோசிக்காமல் முதல் தரம் என்று எழுதியிருப்பேன்.

ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் கிலோமீட்டர்.
பாய் சொன்னது சரிதான். ஒரே கை.

பள்ளிகொண்டா டோலுக்கு முன்னால் திரும்பிவிடுவதாகப் பேச்சு.
டில்லிபாபு பக்கத்தில் உட்கார்ந்தான்.
சீட்டு புதுச் செருப்பு மாதிரி முனகியது.
பொய்கை தாண்டி மூன்றாம் கியரில் மிதித்தேன்.
முதலில் ஒன்றும் நடக்கவில்லை.
அப்புறம், கடன் கொடுத்தவனைப் பார்த்ததுபோல்
ஒரு கணம் தயங்கிவிட்டு
பாய்ந்தது.
வெயிலில் நிற்கும் மொட்டைப் பாறைமலைகள்
பின்னால் போனதைப் பார்க்கவில்லை.
டில்லிபாபு கதவுப் பிடியைப் பிடித்திருந்ததை மட்டும் பார்த்தேன்.
"விசில் கேக்குதாக்கா?"
கேட்டது. எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

நிறுத்தியதும் மகளுக்குப் போன் போட்டேன்.
"நாலு பேர் உக்கார முடியுமாம்மா?"
"நாம ரெண்டு பேருதானேடி."
"அதுக்கில்ல," என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

கிளட்சுக்கு அறுபதாயிரம்.
டயர் நாலும் மாற்றணும்.
இன்சூரன்ஸ். பேர் மாற்ற ஆர்டிஓ ஆபீஸ்.
அவளுடைய ரெண்டாம் வருட ஃபீஸ் ஜூலையில்.
பிஎஃப்பில் போட்டதை எடுத்தால் மேனேஜர் ஷர்மிளா கேட்பாள்,
வீடு கட்டறீங்களா என்று.
எந்தப் பக்கம் கூட்டினாலும்
தொகை வேண்டாம் என்றுதான் வந்தது.
பத்தொன்பது வருடத்தில்
பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு தோலைக்கூட
நான் பாஸ் பண்ணியதில்லை.

பாய் டீ சொல்லியிருந்தார்.
கிளாஸ் சுட்டது. துப்பட்டா முனையால் பிடித்துக்கொண்டேன்.
லாரிச் சட்டத்தில் யாரோ சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தார்கள்,
அதனால் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது:

"மூணே கால்."

டில்லிபாபு டீயை வைத்துவிட்டு
எழுந்துபோய்
தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தான்.