செக்கு

மூன்றாம் முறையும் திரும்பி வந்தது அந்தச் செக்.
நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். பள்ளத்தூர்க் கல்யாணம்.
'போதிய இருப்பு இல்லை' என்ற வரிக்கு எதிரே
நான்தான் டிக் போட்டேன்,
அந்தப் பந்தியில் கவுனி அரிசியை
இரண்டாம் தடவை கேட்டு வாங்கிய அதே கையால்.

கவுண்டருக்கு வெளியே வெள்ளைக்கண்ணு.
துவைத்த சட்டையிலும் தாளிப்பு வாசம்.
"செக்குல என்ன கொறை மேடம்?
கையெழுத்து அவுகளுதுதானே?"

அவர் வாயில் அது செக்கு.
செக்குக்கும் சிவலிங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை.
ஆனாலும் மூன்று மாதமாய்
இதைத்தான் சுற்றி வருகிறார்.
மாடு மாதிரி என்று நான் சொல்லவில்லை.
அவரே சொன்னார்.

சாயங்காலம் கிளியரிங் முடிந்ததும்
அகராதியைப் புரட்டினேன்.
பொழுது போகாமல் அல்ல, கோபத்தில்.

பாரசீகத்தில் அது ஷா. அரசன்.
எதிராளியின் ராஜாவைக் குறிவைத்தால்
வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "ஷா!"
அரசே, உனக்கு ஆபத்து என்று பொருள்.
(நம் காதில் அது 'சா' என்று விழுந்தால்
பாரசீகன் பொறுப்பில்லை.)
அரபு வாய், பிரெஞ்சு வாய் என்று
போன இடமெல்லாம் ஒரு பல்லை உதிர்த்துவிட்டு
இங்கிலாந்தில் இறங்கியபோது அது செக்.
அரசன் கழன்றுகொண்டான்.
ஆபத்து தேய்ந்து தடை ஆனது,
தடுத்து நிறுத்திச் சரிபார்ப்பது ஆனது,
கள்ளத்தைப் பிடிக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டை ஆனது,
பிறகு அடிக்கட்டையிலிருந்து கிழிக்கிற தாள்.
பலகையின் கட்டங்கள் மட்டும் தனியே கிளம்பித்
துணிக்கடைக்குள் போய்விட்டன.
நான் கட்டியிருந்த கண்டாங்கியை
காசாளர் ரமீஜா 'செக்டு' என்றுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் அவர் வந்தார், ரொக்கம் கட்ட.
"வக்கீல் நோட்டீஸா?"
இல்லையாம்.

விடிந்ததும் அந்த வீட்டுக்கே போயிருக்கிறார்.
முகப்பு தாண்டி, வளவு தாண்டி,
கறுப்பும் வெள்ளையுமாய்ச் சலவைக்கல் பதித்த
போஜனக் கூடம். அவரே பரிமாறிய கூடம்.
சம்பந்தி வீட்டார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு கறுப்புக் கட்டத்தில் நின்றாராம்.
தாளை நீட்டவில்லை. தொகையைச் சொல்லவில்லை.
"முதலாளி" என்றாராம்.
அவ்வளவுதான்.

சாத்தப்பன் எழுந்து
ஒரே ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறார்.
முதல் இல்லாத முதலாளிக்கு
அதற்கு மேல் நகர்வு கிடையாது.
இது வெள்ளைக்கண்ணுக்குத் தெரியாது,
சதுரங்கம் ஆடியவரில்லை.

உள்ளேயிருந்து ஆச்சி வந்தாராம்.
நேராக வந்து, கூடத்தைக் குறுக்காகக் கடந்து,
யார் முகத்தையும் பார்க்காமல்
ஒரு மஞ்சப்பையை அவர் கையில் வைத்துவிட்டு
வந்த வழியே போய்விட்டாராம்.

முழுசா?
இல்லை. முப்பத்தொன்று.
மீதி தைக்குப் பிறகு.

அறுபத்திரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்,
ரப்பர் பேண்டில் பச்சைக்கற்பூர வாசம்.
ரமீஜாவிடம் தள்ளுவதற்கு முன்
அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:
"ஒருக்க செக்கு பண்ணிக்கங்க மேடம்."