ழைக்குத் தனி ரேட்

குருபரப்பள்ளியில் ஓட்டல் திறந்தபோது
'வாழை இலை' என்று நியான் கேட்டேன்.
கவுஸ் பாஷா விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார்.
"மத்ததுக்கு அடிக்கணக்கு.
ழைக்குத் தனி ரேட்டும்மா,
ரெண்டு குழாய் உடையாம அது வளையாது."
ழைக்கு மட்டும் பாக்கி வைத்தேன்.

பதினோரு வருஷம் கேட்கவேயில்லை.
போன செவ்வாய் வந்தார். ஏணி கேட்டார்.
பெங்களூரில் எவனோ
சுவரில் மாட்ட எழுத்து வாங்குகிறானாம்,
எதுவானாலும் ஒரே விலை.
"ழைக்கும் அதேதானா?"
"அதேதான்" என்றார், என்னைப் பார்க்காமல்.

கழற்றின இடத்தில்
மிச்சம் எரிய ஒயரைக் கோத்துவிட்டு
ஈரக் கோணியில் சுற்றி,
மருமகன் டிவிஎஸ்ஸை உருட்டி உருட்டி ஓட்ட
மடியில் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது ராத்திரியெல்லாம்
வா
           இலை
மேலுமலை இறக்கத்திலிருந்தே தெரிகிறதாம்.
யாரைக் கூப்பிடுற, இலையையா, என்று
சிரித்தபடி இறங்குகிறார்கள் லாரிக்காரர்கள்.
பரோட்டா பத்து மணிக்கே தீர்ந்துவிடுகிறது.

எல்.ஈ.டி பையன் டேப்போடு நிற்கிறான்,
எத்தனை எழுத்தானாலும் சதுர அடிதான் அக்கா.
இருடா.

பொருள் போயாச்சே என்று
நோட்டில் அந்தப் பாக்கியை அடிக்க எடுத்த பேனா
கையிலேயே இருக்கிறது:
பதினோரு வருஷம் எரிந்திருக்கிறதே, அது?