ஒன்று தசம் நாலு

பீலர் கேஜை விரித்தால்
விசிறிபோல இருபது இலை.
வால்வுக்கு ஆக மெல்லியது,
பிளக்குக்கு எழுபது என்று பொறித்தது.
ஆகத் தடித்த இலை ஒரு மில்லிமீற்றர்,
அதற்குமேல் என் பட்டறைக்கு அளவு தெரியாது.
எமில்டா கேட்பது ஒன்று தசம் நாலு.

"மெல்லிசு வேண்டாம், கிலுக்கும்" என்கிறாள்
கோல்வேயில் பஸ்ஸுக்கு நின்றபடி.
அங்கே பின்னேரம் நாலு மணிக்கே இருட்டாம்.
இங்கே மல்லாவியில் இரவு ஒன்பதரை.
கராச் ஷட்டரைப் பாதி இறக்கி
மண்டலினை மடியில் வைத்திருக்கிறேன்.

கார்கோப் பெட்டியில் வந்தது.
சொக்லேட், ஷாம்பூ,
போர்வைக்குள் சுற்றிய எட்டுக் கம்பி.
மீட்டுகிற தகட்டை வைக்க மறந்துவிட்டாள்.
அல்லது வைத்தாள்;
வழியில் பெட்டி உடைத்த எவனோ
அதால் பல்லுக் குத்தியிருப்பான்.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு மதுச்சாலை மூலையில்
வட்டமாய் இருந்து வாசிப்பார்களாம்.
ஒரே மெட்டை மூன்று தரம் சுற்றி
நிற்காமல் அடுத்ததுக்குள் விழுவார்களாம்.
கைதட்டு இல்லை. மேடை இல்லை.
கோப்பை கழுவுகிற சத்தத்துக்குள்
இவளும் ஒரு கதிரையில், கோக்கோடு.

ஜிக் என்று ஒன்றை அனுப்பினாள்.
கேட்டதும் சிரித்துவிட்டேன்,
இது எங்கட தகிட தகிட அல்லோ!
ஆனால் ஒவ்வொரு 'த'வும் கீழே இறங்கவேண்டும்.
கீழ் மேல் கீழ்,
கீழ் மேல் கீழ்.
இரண்டு கீழ் ஒட்டிவருகிற இடத்தில்
கிளச் பிடிக்காமல் கியர் போட்டதுபோல
மணிக்கட்டு இடறும்.

சேர்ந்து வாசிக்கத்தான் இரண்டு பேருக்கும் மண்டலின்.
ஃபோனில் அது சரிவரவில்லை.
என் 'த' போய்ச் சேர
அவள் 'கிட' முடிந்திருந்தாள்.
இனிப் பதிந்து அனுப்புவது என்று முடிவு.

முதலில் சிம் கழற்றிய அட்டையை வெட்டி வாசித்தேன்.
மெட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"சைக்கிள் கம்பியில ஈர்க்கு உரசினமாதிரிக் கிடக்கு."

பிறகு கடன் அட்டை.
புதன்கிழமை தோறும் வாசலில் வந்து நின்றவனுக்கு
அவளுடைய இரண்டாம் சம்பளத்தில்
கடைசித் தவணை கட்டி வாங்கியது.
இது பாடும் என்று நம்பினேன்.
பாடவேண்டிய நியாயம் இருந்தது.
சளசளத்தது.

சிரட்டை நல்ல உருண்ட ஒலி,
இரண்டு நாளில் ஓரம் பிசிறிவிட்டது.

வவுனிக்குளத்து அலைகரையில் பொறுக்கிய
எருமைக்கொம்பைக் கிறைண்டரில் பிடித்தேன்.
கராச் முழுக்க மயிர் பொசுங்கின மணம்.
பிரேக் கட்ட வந்த பெடியன்
"ஆரை எரிக்கிறியள் அண்ணை" என்றான்.
கொம்பின் சத்தத்தில் குறை சொல்லமுடியாது,
ஆனால் ஒவ்வொரு அடியும்
'நான், நான், நான்' என்றது.
வட்டத்துக்குள் இருந்து வாசிக்க அது ஆகாது.

நேற்று பாக்கியநாதரின் சைக்கிள் வந்தது,
முல்லைத்தீவிலிருந்து மீன்பெட்டி சுமக்கிற மோட்டார்சைக்கிள்.
செயின் தளர்வு.
செயின் உரசுகிற நைலோன் பட்டையைக் கழற்றினேன்.
எத்தனை விடிகாலை ஓடியதோ,
நடுவில் பள்ளமாய்
வழுவழுவென்று தேய்ந்திருந்தது.
புதியதைப் பூட்டினேன்.
பழையதை எறியக் கை போகவில்லை.

முக்கோணமாய் வெட்டி,
கூரான மூலையை விட்டு
தோள் பக்கத்தை வட்டமாய் உரஞ்சினேன்.
ஒரு மில்லிமீற்றர் இலையை அருகில் பிடித்தேன்.
இது தடிப்பு. எவ்வளவு என்று
பெருவிரலுக்குத்தான் தெரியும்.
சவர்க்காரம் போட்டும் சூடைமீன் மணம் போகவில்லை.

வாசித்தேன்.
இரண்டு கீழும் இடறாமல் இறங்கின.
நடுவே பொடிப்பொடியாய் மூன்று அடி விழுகிற இடத்தில்
கை தன்பாட்டில் போய்வந்தது.
அனுப்பினேன்.

நீலச் சரி இரண்டும் விழுந்து
கனநேரம்.
பிறகு எழுதினாள்:
"பின்னால குலைக்கிறது வெள்ளைச்சியோ?
குட்டி போட்டிட்டுதோ?
சொல்லவேயில்லை."

தகட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.
திரும்ப மேலே போய்ப் பார்த்தேன். இல்லை.

நாலு குட்டி என்று எழுதினேன்.
ஒன்று செத்ததை
நாளைக்குச் சொல்லலாம்.