நானூற்றுப் பன்னிரண்டு கிலோ

கார்பார்க் வாசலில் ஒரு கம்பி தொங்குகிறது:
உயரம் இரண்டு மீட்டர் பத்து.
என் லாரி அதைவிட ஒரு சாண் கூடுதல்.
அதனால் ஈசூனில் அந்த ஞாயிறு விடிகாலை
ஐந்தாம் தளத்திலிருந்து வண்டியை இறக்கியவள் ருகையாதான்,
எஞ்சினை அணைத்து, நியூட்ரலில்,
வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து.
என் கையாள் தூரா பின்னாலேயே நடந்து வந்தான்,
பிடித்துக்கொள்ள எதுவுமில்லாத கைகளோடு.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்:
"ராத்திரி பன்னிரண்டோடு சிஓஇ முடிஞ்சிருச்சு.
ரோட்டுல இறக்கினா குத்தம்.
கார்பார்க் ரோடு இல்லைதானே?"
எனக்குத் தெரியாது.
பேசிய கூலி நூற்று நாற்பது வெள்ளி,
சட்டம் அதில் சேராது.

பெரிய வண்டி.
பக்கத்துக்கு ஒரு பெட்டி, முதுகில் ஒன்று,
சோபாபோல் சீட்டு,
பாதி உரிந்த ஹாட்யாய் ஸ்டிக்கர்.
மீட்டரில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
இந்தத் தீவை நீளவாக்கில் கடக்க
ஐம்பது கிலோமீட்டர் போதும்.
மிச்சத்தை எங்கே ஓட்டினாய் என்று
வண்டியிடம் கேட்கலாம்போல் இருந்தது.

ஏற்றுவதில் பயம் நடுவில்தான்.
முன்சக்கரம் தட்டுக்கு வந்து
பின்சக்கரம் பலகையிலேயே இருக்கும்போது
வயிறு விளிம்பில் உட்கார்ந்துவிடும்.
முன்னாலும் போகாது, பின்னாலும் வராது,
மச்சினன் போட்ட வழக்கு மாதிரி.
லாரியின் பின்சக்கரங்களைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினேன்.
பலகைக்கடியில் கட்டை முட்டுக் கொடுத்தேன்.
அவள் இடப்பக்கம் நடந்தாள்,
முதல் கியர், விரலில் நூலளவு கிளட்ச்.
தூரா மூச்சைப் பிடித்துக்கொண்டான்,
நானும் பிடித்திருக்க வேண்டும்,
ஏறி முடித்ததும் இருமல் வந்தது.

வாரைப் போட்டு ராட்செட்டை முறுக்கினேன்.
அவள் வந்து இரண்டு பல் தளர்த்தினாள்.
"முன்னாடி பாதி அமுங்கினா போதும்.
முழுசா அமுக்கினா சீல் போயிரும்."
எனக்குக் கட்டத் தெரியும் என்றேன்.
எனக்கும் என்றாள்.
பாசிர் பாஞ்சாங்கில் கிரேன். பதினோரு வருஷம்.
ஒரு பெட்டி முப்பது டன், முப்பத்தைந்து டன்,
ஒரு ஷிஃப்டில் இருநூறு பெட்டி.
சொல்லிவிட்டு என் முடிச்சை மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

ஆயர் ராஜா விரைவுச்சாலை முழுக்க
எங்கள் இருவருக்கும் நடுவில் தூரா தூங்கினான்.
அவள் பக்கவாட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
மேடு வந்தால் வலக்கை தானாக மூடும்,
இல்லாத பிரேக்கின்மேல்.

பெனோயில் யார்டு. ஏஜென்ட் ஓங் ரொட்டி தின்றபடி
நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கினான்.
மொம்பாசாவுக்குப் போகிறதாம்,
இரண்டு கார், ஒரு குவியல் டயர், இது.
பெட்டி நம்பர் கேட்டாள்.
நான்கு எழுத்து, ஏழு எண்.
எழுதிக்கொள்ளவில்லை. ஒரு தடவை திருப்பிச் சொன்னாள்.
எந்தக் கப்பல் என்றாள். ஓங் சொன்னான்.
"புதன் ராத்திரி என் ஷிஃப்டுதான்."
மேலேயிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியுமா என்றேன்.
"எடைதான் தெரியும். மொத்தமா."

திரும்பும்போது லாரி இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது,
ஒவ்வொரு குழிக்கும் பலகை குதித்தது.
அவளை எம்ஆர்டி வாசலில் இறக்கிவிட்டோம்.
ஹெல்மெட் கையில் இருந்தது.
அதை என்ன செய்வது என்று
எங்களிடம் கேட்க வந்தவள்போல் ஒரு நொடி நின்றாள்.

புதன் இரவு எனக்கு வேறு வேலை,
கிளமெண்டியில் பஞ்சரான ஸ்கூட்டர்.
வெஸ்ட் கோஸ்ட் மேம்பாலத்தில்
காரணமில்லாமல் வேகத்தைக் குறைத்தேன்.
வரிசையாகக் கிரேன்கள், எல்லாவற்றிலும் விளக்கு.
ஒரு பெட்டி மேலே போய்க்கொண்டிருந்தது,
மற்றதைவிட மெதுவாக என்று எனக்குப் பட்டது.
பின்னால் டாக்சிக்காரன் ஹார்ன் அடித்தான்.