மோதாத எண்

முக்கூடல் பீடிக்கடைக் கணக்குக்கு
ஆளுக்கொரு அடையாளக் குறி வேண்டும்.
மூன்று நூலகங்களை இறக்கிப் பார்த்தேன்.

முதலாவது முப்பத்தாறு எழுத்து.
லேபிள் பிரிண்டர் பாதியில் வெட்டிவிட்டது.

இரண்டாவது நேர வரிசையில் அடுக்கும், நல்லதுதான்.
ஆனால் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி
கூடவே பதினேழு பேரைக் கூட்டி வந்தது.

மூன்றாவது ஒரே கோப்பு.
நாலு வருஷமாக யாரும் தொடவில்லை.
பழுதில்லாததாலா? பார்க்க ஆளில்லாததாலா?
வரி வரியாகப் படித்தேன்.
பூஜ்யத்தையும் ஓ-வையும் விட்டிருந்தார்,
போனில் வாசிக்கப் போகிறவளை நினைத்த யாரோ.
உரிமம் மூன்றே வரி:
எடுத்துக்கொள், மாற்றிக்கொள், என்னைக் கேட்காதே.

நொடிக்கு ஆயிரம் போட்டாலும்
ரெண்டு ஒன்றாக யுகம் ஆகுமாம்.

சனிக்கிழமை பட்டுவாடா.
"சு. ஆவுடைத்தாய்" என்றார் குமாஸ்தா பீர்முகம்மது.
மூன்று பேர் எந்திரித்தார்கள்.
ஒரே இனிஷியல். ஒரே தெரு.

குறியை வாசித்தேன்:
கே ஏழு எம் எக்ஸ் நாலு...
முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள்.
"எவளக் கேக்கீய?
மச்சு வீட்டுக்காரியா, பம்புசெட்டுக்காரியா,
ரெட்டப்புள்ளக்காரியா?"

ராத்திரி அட்டவணையில் ஒரு கட்டம் கூட்டினேன்.
பெயர்: எவள்.
வகை: எழுத்து.
வெறுமையாக விடக்கூடாது.