ஒன்றேகால் அங்குலம்

வலப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் பதிந்து நின்றது
என் மொரிஸ் மைனர்.
வாங்கும்போதே அப்படித்தான்.
விற்ற போஸ்ட் மாஸ்டர் பருத்த மனுஷர்,
இருபத்தேழு வருஷம் தனியாகவே ஓட்டியவர்.
பழியை அவர்மேல் போட்டுவிட்டு
ஸ்பேனரோடு கீழே படுத்தேன்.

முறுக்குக் கம்பியின் பின்முனையில் ஒரு தகடு.
போல்ட்டைக் கழற்றி அடுத்த ஓட்டையில் பூட்டினால்
மூக்கு நிமிரும் என்கிறது கையேடு.
நிமிர்ந்தது.
காலையில் பார்த்தால்
இடப்பக்கப் பின்மூலை தொங்குகிறது.
மறுபடி படுத்தேன். மறுபடி ஓட்டை.
வைகாசி போய் ஆடி வந்தது.
மஸ்கெலியா மழையில் முதுகு ஊறியதுதான் மிச்சம்.

நிஸ்தார் பாஸ் வந்தார்.
வண்டியைப் பார்க்கவே இல்லை.
சட்டைப் பையிலிருந்து ஒரு போளையை எடுத்து
வாசலில் வைத்தார்.
அது யோசிக்காமல் கானுக்குள் போய் விழுந்தது.
"வண்டி கிடக்கட்டும் மிஸ்,
ஒங்கட வாசல்தான் சரிவு."

நான் மருத்துவமாது.
லயம் லயமாகக் குழந்தைத் தராசைத் தூக்கிப்போய்
முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்தாமல்
ஒரு பிள்ளையையும் நிறுத்ததில்லை.
அளந்த தரையை மட்டும்
அளக்கத் தோன்றவில்லை.

மட்டமான நிலம் தேடிப் போனோம்.
பெட்ரோல் செட் ரோட்டுப் பக்கம் சரிவு.
மாதா கோயில் வளவு ஆற்றுப் பக்கம்.
கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் சீமெந்தும் சரிவுதான்,
யார் பக்கம் என்று நான் கேட்கவில்லை,
பாஸும் சொல்லவில்லை.
இந்த ஊரில் மட்டமாயிருப்பது
மவுசாகலைத் தண்ணீர் ஒன்றுதான்.
அடியில் பழைய டவுன் கோணல்மாணலாகக் கிடக்கிறது,
மேலே ஒரு மயிரிழை சாய்வில்லை.
அதன்மேல் வண்டியை நிறுத்த முடியாது.

கடைசியில் பாடசாலை நெட்போல் கோர்ட்.
ஞாயிற்றுக்கிழமை, யாருமில்லை.
கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டால் தெரியவில்லை என்று
பிளாஸ்க்கிலிருந்த பிளேன்டீயை ஊற்றினார்.
குழாயின் இரு முனையிலும்
தேயிலை நிறம் ஒரே உயரத்துக்கு வந்து நின்றது.
நாலு டயருக்கும் ஒரே காற்று.
தாழ்ந்த மூலைக்கு ஒரு பலகைத் துண்டு.
பிறகுதான் டேப்பை எடுத்தார்.

முன்பக்கத்தை நடுவில் ஜாக் வைத்துத் தூக்கினார்.
முன்சில்லு இரண்டும் அந்தரத்தில்.
அப்போதும் வலப்பக்கமே சாய்ந்தது உடம்பு.
"முன்னுக்கு நோவு, பின்னுக்கு நோய்"
என்று சொல்லிக்கொண்டே
பின்பக்கம் போய்ச் சேற்றைச் சுரண்டினார்.
வலப்பக்க ஸ்பிரிங்கில் இரண்டாவது பட்டை
நடு போல்ட்டுக்கு இரண்டு விரல் தள்ளி முறிந்திருந்தது.
துருதான் அதை ஒட்டி வைத்திருந்தது.

ஹட்டன் பழைய இரும்புக் கடையில்
செத்துப்போன இன்னொரு மைனரின் பட்டை கிடைத்தது.
அடுத்த ஞாயிறு அதை ஏற்றி முடித்தபின்
நான் மாற்றிய ஓட்டைகளை எல்லாம்
ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்,
ஒரு வார்த்தை பேசாமல்.
பேசியிருக்கலாம்.
போஸ்ட் மாஸ்டரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

மிஞ்சியது கால் அங்குலம்.
"மிஸ் தனியத்தானே ஓடுற?
வலப்பக்கத்தக் கொஞ்சம் தூக்கி வெச்சா
நீங்க ஏறி ஒக்காந்ததும் சரியா வரும்."
கணக்குச் சரிதான்.
எல்லோரும் அப்படித்தான் வைப்பார்களாம்.
பிறகு யாராவது பக்கத்தில் ஏறினால்
இடப்பக்கம் தாழும், அவ்வளவுதான்.

"ரெண்டு பேருக்கு வைங்க" என்றேன்.

பாஸ் ஸ்பேனரைத் துணியால் துடைத்தார்,
ஏற்கெனவே சுத்தமாயிருந்த ஸ்பேனரை.
"சரி மிஸ்."

திரும்பும்போது இருட்டிவிட்டது.
நல்லதண்ணி ரோட்டு வளைவில்
ஹெட்லைட் வெளிச்சம் வலப்பக்கம்
ஒரு துளி இறங்கித்தான் விழுந்தது.
இடப்பக்க ஸீட்டில் குழந்தைத் தராசு,
பையோடு நாலு கிலோ.
அது காணாது.