பூபாலன் சொன்ன ஆறு

கட்டி இரண்டு புள்ளி மூன்று சென்டிமீட்டர்.
வெட்டிய ஓரம் சுத்தம்.
பதினோரு நிணநீர்க்கணுவும் காலி என்கிறார் டாக்டர் ஸோண்டி.
நுரையீரலின் மேலுறையை மட்டும்
எட்டியிருக்கிறது.
எட்டியது என்றால்,
கதவைத் தட்டியதா, திறந்ததா?
பேனாவை மூடி, "தட்டியது" என்றார்.

"சிகரெட்டை எப்போது விட்டீர்கள், மிஸ்டர் பூபாலன்?"
"ஆறு வருஷம்."
தொண்டைகூடக் கமறவில்லை அவருக்கு.
காவடிக்கு முந்தின வாரம்
கராஜில், பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால்
சூடாறாத தீக்குச்சியைப் பார்த்தவள் நான்.
ஆறு என்று எழுதிக்கொண்டார் டாக்டர்.
இனி அதன்மேல்தான்
அடுத்த ஐந்து வருஷத்தின் கணக்கு.

இறங்கும்போது மூன்றாவது திருப்பத்தில்
கம்பியைப் பிடித்து நிற்கிறார்.
"மேர்பேங்க் பஸ் போய்விடும், வா.
இன்றைக்கு ரிஃபைனரிக் காற்று வேறு."
கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி
மேலே ஏறினேன்.

தட்டினேன்.